கத்திரி வெயிலில் தைத்த போர்வை

அமராவதி ஆற்றில் தண்ணீர் வரத்து நின்று மணல் மட்டும் வெளுத்துக் கிடந்த ஒரு பங்குனியில், கிணறு தூர்வாருகிற சென்னியப்பன் ஒரு தோட்டத்து வறண்ட கிணற்றுக்குள் காலையில் இறங்கி, அடியில் தண்ணீருக்குப் பதிலாகக் கிடந்த குளிரை உடம்பில் வாங்கிக்கொண்டு மத்தியானம் மேலே ஏறி வந்தான். கயிறு பிடித்திருந்தவர்கள் அவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டதும் விரல்களை உதறிக்கொண்டார்கள். "வேற ஒண்ணுமில்லீங்க அடியில" என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தான். ஊரெல்லாம் இளகிக் கிடந்த தார்ரோடு, அவன் காலடி பட்ட இடங்களில் மட்டும் இறுகிப் போயிற்று.

அவன் மனைவி சாந்தாமணி, ஊருக்கு வெளியே உள்ள தையல் கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகிற படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடிக்கிறவள். அன்று அவள் வேலை முடிந்து வந்தபோது வீட்டுத் தரையில் பனி கோத்திருந்தது, எண்ணெய்க் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது, சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். டம்ளர் அவன் உதட்டைத் தொடுவதற்குள் ஆறிப்போனது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ரங்கநாயகி. மாசம் நிறையாமல் பிறந்த அவளுடைய கைக்குழந்தை, உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து, சூடு தாங்காமல் மூச்சை இழுத்து இழுத்து அழுகிறவன், சென்னியப்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டிப் போட்டதும், பிறந்ததிலிருந்து முதல்முறையாக வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான். அதைப் பார்த்துப் பூக்கட்டுகிற பெண்கள் மல்லிகைக் கூடைகளோடு வந்தார்கள், மாவரைத்து விற்கிறவள் மாவுக் குண்டாக்களோடு வந்தாள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள், அக்கிக் கொப்பளம் கண்டவர்கள் வந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகள் வந்து ஒரே பாயில் உட்கார்ந்து எதற்குச் சண்டை என்பதை மறந்தார்கள். வீடு பத்தவில்லை. கட்டிலைத் தூக்கி வாசலில் புங்கமரத்தடியில் போட்டார்கள், குளிர் தெரு முழுக்கப் பரவியது. மின்விசிறிகளை எல்லோரும் நிறுத்திவிட்டதால் மீட்டர் பார்க்க வந்தவர் ஒவ்வொரு மீட்டராகத் தட்டிப் பார்த்தார். குளிர் தொடங்குகிற இடத்தில் யாரோ சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார்கள், கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வருவது தானாகவே வழக்கமாகிவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் சென்னியப்பனின் நாக்கடியில் வைத்த தர்மாமீட்டரை எடுத்து உதறி, மறுபடி வைத்து, மறுபடி உதறி, கடைசியில் அதைப் பையில் போட்டுக்கொண்டு, "காத்து நல்லாருக்குது" என்று சொல்லிச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அதுவரைக்கும் தெருவில் யாரும் சென்னியப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கெணத்துக்காரன் என்பார்கள், அவன் சேறும் சகதியுமாக வேலை முடிந்து வரும்போது ஒதுங்கி வழிவிடுவார்கள். இப்போது அண்ணங் என்றார்கள், மாமா என்றார்கள், கல்யாணப் பத்திரிகையை முதலில் அவன் கையில் கொடுத்தார்கள். அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் "வாங்க, வாங்க, சித்த தள்ளி உக்காருங்க, அவங்களுக்கும் எடம் வேணுமுல்ல" என்று வரவேற்றான்.

சாந்தாமணிதான் முதலில் கவனித்தாள். அவன் நகங்கள் நாவல்பழ நிறமாகியிருந்தன. காதோர முடியில் வெள்ளை பூத்திருந்தது, அவள் ஊதினால் உதிர்ந்து மறுபடி பூத்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே அவன் நாக்கு வழி தேடியது. ஒருநாள் கால் பெருவிரலில் எறும்புக் கூட்டம் கடித்துக்கொண்டிருப்பதை அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து குளிர் வெளியே போகவில்லை, அவனுடைய சூடுதான் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அது போன இடத்தையெல்லாம் குளிர் பிடித்துக்கொண்டு வருகிறது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

கம்பளிகளைப் போர்த்திப் பார்த்தாள். அவை நனைந்து, விறைத்து, மடக்கினால் அப்பளம் போல் நொறுங்கின. அவள் மெத்தை தைக்கிற கபூர் பாயைக் கூட்டி வந்தாள். அவர் கட்டிலைச் சுற்றி நடந்து, தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"கம்பளி பத்தாதும்மா. மேல ஒரு துணி, அடியில ஒரு துணி, நடுவுல நல்லாக் கொட்டின பஞ்சு. மூணையும் சேத்து நெருக்கமாத் தைக்கணும். தையல் எட்டிப் போச்சுன்னா பஞ்சு ஒதுங்கிக்கும், ஒதுங்கின எடத்துல சூடு கசிஞ்சிரும்."

"எத்தனை பெருசு வேணுங்க பாய்?"

"கட்டிலையும் சேத்து மூடணும். நாலு பக்கமும் தரையில தொடணும்" என்றார் அவர். பிறகு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வெரசாத் தைக்கணும்மா" என்றார்.

கம்பெனியில் கழித்துப் போட்ட வெட்டுத்துணிகளைச் சாந்தாமணி கேட்டு வாங்கி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். பனி விழுகிற தேசங்களுக்குப் போகிற துணிகள் என்பதால் அவற்றில் கிளைக்கொம்பு மான்களும், ஊசியிலை மரங்களும், குல்லாய் போட்ட பொம்மைகளும் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி மேல்துணி தைக்கும்போது தெருப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உதவினார்கள், மானைக் காட்டிக் குழந்தைகளுக்குச் சோறூட்டினார்கள். கபூர் பாய் பஞ்சு கொட்டிக் கொடுத்தார். அடித்துணிக்குப் பழைய வேட்டிகள் வந்தன. மூன்றும் அடுக்காகி, கட்டிலின் மேல் போட்டால் தெருவில் வழிகிற அளவுக்குப் பெரிதாகக் கிடந்தது. இனி மூன்றையும் சேர்த்துக் குத்தி, வரிவரியாகத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. தையல் மிஷினை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். எண்ணெய் உறைந்து சக்கரம் நின்றது. ஆகவே கோணி ஊசியைக் கையில் எடுத்தாள்.

கால்மாட்டில் முதல் வரிகள் தைத்து முடிந்த அன்று சென்னியப்பனின் கால்விரல்களில் ரத்த ஓட்டம் திரும்பியது. "கூசுது சாந்தா" என்று அவன் காலை இழுத்துக்கொண்டான், அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அதே நேரத்தில் தெருக்கடைசி வீட்டில், பல நாளாகச் சும்மா கிடந்த மின்விசிறி கறகறவென்று சுற்றத் தொடங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் ஊசியை அப்படியே நிறுத்தி, தெருக்கடைசியைத் திரும்பிப் பார்த்தார்கள். சுண்ணாம்புக் கோட்டை ஒரு வீடு உள்ளே தள்ளிப் போட வேண்டியிருந்தது.

மறுநாள் அந்த வீட்டுக்காரி தைக்க வரவில்லை. அடுத்த வரிகள் முடிந்து கோடு இன்னொரு வீடு உள்ளே வந்தபோது அந்த வீட்டுக்காரிக்கு விரல் வலி. அதற்கடுத்தவளுக்கு வீட்டில் விருந்தாளி. கத்திரி பிறக்கப்போகிற நாட்கள் அவை, கோட்டுக்கு வெளியே காக்கைகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. மளிகைக்கடை தண்டபாணி, தெருவில் எந்த நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்கிறவர், நூல்கண்டு கேட்டுப் போன சாந்தாமணியிடம் முகம் பார்க்காமல், "சரக்கு வல்லீங்க அம்மிணி. வந்ததும் சொல்றனுங்க" என்றார். அவருக்குப் பின்னால் கண்ணாடிக் குடுவையில் நூல்கண்டுகள் நிறைந்திருந்தன. அவள் கபூர் பாயிடம் போய் மெத்தை நூல் வாங்கி வந்தாள்.

கம்பெனிக்குப் போவதையும் நிறுத்திவிட்டு அவள் தைத்தாள். ஒற்றை ஆளாக, குளிரில் விரல் மரத்து, ஊசி வழுக்கி உள்ளங்கையில் ஏறுவதையும் பொருட்படுத்தாமல் தைத்தாள். ஆனால் போர்வை முன்னேறவில்லை. தண்ணீர் எடுக்கவோ உலை வைக்கவோ போய்விட்டுத் திரும்பினால், தைத்திருந்த வரி பிரிந்து கிடந்தது. அறுக்கவில்லை, கிழிக்கவில்லை. பொறுமையாக ஒவ்வொரு தையலாக உருவி, நூலைச் சுற்றி, ஓரத்தில் வைத்திருந்தார்கள். அவள் மறுபடி தைத்தாள். மறுபடி பிரிந்தது. முழங்கால் வரை ஏறியிருந்த ரத்தம் கணுக்காலுக்கு இறங்கியது.

அவள் ரங்கநாயகியின் வாசலில் போய் நின்றாள்.

"உன்ற பையன் மேல சத்தியம் பண்ணு. நீதானே பிரிக்கறே?"

ரங்கநாயகி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்னக்கா பேசறீங்க? நீங்க தைக்கறதப் பாக்கறப்பெல்லாம் எனக்கு ஈரக்கொலை நடுங்குது, அது நெசந்தான். முடிஞ்சிரக் கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கறனுங்க. ஆனா ஊசியத் தொட்டதில்லை. இவன் மேல சத்தியமாத் தொட்டதில்லை."

சாந்தாமணி அதை நம்பவில்லை. தெருவில் யாரையும் நம்பவில்லை. கத்திரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

கத்திரி பிறந்த அன்று காலையில் தண்டபாணி ஐந்தாறு ஆண்களோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"அம்மிணி, நாங்க ஒண்ணும் கெட்டது நெனைக்கலீங்க. மாரியம்மன் கோயில் மண்டபத்துல கட்டிலப் போட்டோம்னா, ஊருக்கே ஆகும். நாங்களே பாத்துக்கறோம், வேளைக்கு வேளை கஞ்சி குடுத்துக்கறோம். கத்திரி கழியட்டும், அப்புறம் நீங்க நிதானமாத் தைச்சுக்கலாம்."

"கத்திரி கழியற வரைக்கும் அவரு இருப்பாருங்களா?"

ஒருவர் கட்டிலின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். "கட்டிலத் தூக்கச் சாயங்காலம் மூங்கிலோட வாரோம்" என்றார் தண்டபாணி. "வெயில் தாழ்ந்ததும்."

அவர்கள் போனதும் அவள் போர்வையைப் பார்த்தாள். தலைமாட்டிலும் நடுவிலும் இன்னும் தையல் ஏறவில்லை. கையிலிருந்த ஊசி முனை மழுங்கியிருந்தது. வேறு ஊசி வாங்கக் கபூர் பாய் வீட்டுக்கு ஓடினாள், பாதி வழியில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கத்திரிக்கோலைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அதை எடுக்கத் திரும்பி வந்தவள், புங்கமரத்துக்குப் பின்னால் அப்படியே நின்றாள்.

ஆண்கள் மூங்கில் தேடவும் பெண்கள் உலை வைக்கவும் போயிருந்ததால் புங்கமரத்தடியில் வேறு யாருமில்லை. சென்னியப்பன் ஒருக்களித்துப் படுத்து, போர்வையின் ஓரத்தை வாய்க்கருகே இழுத்து, பற்களால் நூலைக் கவ்வி உருவிக்கொண்டிருந்தான். உருவிய நூலைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மாமா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நூல் வாயிலேயே இருந்தது.

"நீங்களா?"

"அந்தப் பையன்… தூங்கறான் சாந்தா" என்றான் அவன், ஒவ்வொரு சொல்லாகத் தோண்டி எடுத்து. "நான் பக்கத்துல இருந்தாத்தான் தூங்கறான். தண்டபாணி எங்கூட உக்காந்து டீ குடிக்கறாப்ல. இத்தன வருசத்துல… என்னைத் தேடி ஒருத்தன் வந்ததுண்டா? எப்படியும் ஒருநாளு கெணத்துக்குள்ளயே போயிருக்க வேண்டிய உசுரு. இப்படிப் போனா நாலு பேருக்கு ஆகுதே."

அவள் கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். தெருவெல்லாம் சந்தேகப்பட்டுத் திரிந்த கோபம் போவதற்கு இடமில்லாமல் நின்றது. அவன் கட்டைவிரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க கெணத்துக்குள்ள எறங்கறப்ப, லீவு கெடைச்ச நாளெல்லாம் வந்து மேல கயித்தையே பாத்துட்டு ஒருத்தி உக்காந்திருந்தாளே. கயிறு ஆடற வரைக்கும் எச்சி முழுங்காம உக்காந்திருந்தாளே. அவளை நீங்க ஆளாவே நெனைக்கலியா மாமா?"

அவன் கண்ணோரத்தில் வந்த நீர் அங்கேயே உறைந்து நின்றது.

அவளுக்குப் பின்னால் ரங்கநாயகி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ. சாந்தாமணியின் முகத்தை அவள் பார்க்கவில்லை, சென்னியப்பனின் உதடுகளையே பார்த்தாள். பிறகு மரக்கிளையில் கட்டியிருந்த தொட்டில் சேலையை ஒற்றைக் கையால் அவிழ்த்தாள்.

"தைச்சு முடிங்கக்கா" என்றாள். "என்ற பையன் ஒருத்தரு உசுரக் குடிச்சு வளர வேண்டாங்க." சேலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சாந்தாமணி கபூர் பாயிடமிருந்து புது ஊசி வாங்கி வந்து தலைமாட்டைத் தைத்தாள், இரண்டு ஓரங்களையும் தைத்தாள், வெயில் உச்சியிலிருந்து சரியத் தொடங்கியது. நடுப்பகுதி மட்டும் பாக்கி. போர்வையை இனி அவன் மேலிருந்து எடுக்க முடியாது, ஒரு நிமிஷம் விலக்கினாலும் அவன் மூச்சு நின்று நின்று வந்தது. எடுக்காமல் தைக்கலாம் என்றால், அவ்வளவு அகலத்துக்கு அடியில் அவள் கை எட்டாது. மேலிருந்து குத்துகிற ஊசியை அடியிலிருந்து வாங்கித் திருப்பிக் குத்த ஓர் ஆள் வேண்டும், போர்வைக்குள் அந்தக் குளிரில் இருக்கக்கூடியவன் ஒருவன்தான்.

அவள் போர்வையின் மேல் மண்டியிட்டு, அவன் நெஞ்சுக்கு நேராக ஊசியைக் குத்தினாள். ஊசி மூன்று அடுக்கையும் தாண்டி உள்ளே போய்விட்டது. நூல் மட்டும் மேலே நின்றது.

"திருப்பிக் குடுங்க."

ஒன்றும் வரவில்லை.

"மாமா, ஊசி உங்க கையிலதான் இருக்குது. வெச்சுக்கறதும் குடுக்கறதும் உங்க இஷ்டம். நான் இழுக்க மாட்டேன்."

தெருமுனையில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. மூங்கில்களைத் தரையில் போட்டுக் கட்டுகிற சத்தம் கேட்டது. அவள் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பார்த்தது போலவே பார்த்தாள், எச்சில் விழுங்காமல், இமைக்காமல், அது அசைகிறதா என்று மட்டும். மூங்கில்கள் தோளுக்கு ஏறின. காலடிகள் நெருங்கின. அப்போது ஒரு மானின் கழுத்துக்குப் பக்கத்தில், துணி மெல்லப் புடைத்து, ஊசியின் முனை வெளியே வந்தது.

அவள் அதைப் பிடித்து இழுத்து, மறுபடி குத்தினாள். அது திரும்பி வந்தது. குத்தினாள், வந்தது, குத்தினாள், வந்தது, ஒரு வரி முடிந்து இன்னொரு வரிக்குப் போனாள். அவள் ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் தெருவில் ஒரு வீட்டின் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது, அடுத்த வரிக்கு அடுத்த வீடு. வெயில் ஆட்களுக்குப் பின்னாலேயே தெருவுக்குள் நுழைந்து அவர்களை முந்திக்கொண்டு வந்தது. சுண்ணாம்புக் கோட்டில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றியவர்கள் கால் சுட்டுத் துள்ளி, மறுபடி மாட்டிக்கொண்டார்கள். கட்டிலைச் சுற்றிக் குளிர் ஒரு கட்டில் அகலம் மட்டும் மிச்சமிருந்தபோது அவர்கள் வந்து சேர்ந்தார்கள். தண்டபாணி கையை நீட்டினார். அவர் கைக்குக் கீழே அவள் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

"முடிஞ்சிருச்சுங்களா?" என்றார் அவர்.

"முடிஞ்சிருச்சு."

போர்வைக்குள்ளிருந்து தும்மல் சத்தம் கேட்டது.

யாரும் திட்டவில்லை. தோளில் மூங்கிலோடு, நெற்றியில் வேர்வையோடு அவர்கள் நின்றுகொண்டிருந்தபோது, எதிர்வீட்டில் சாத்திய கதவுக்குப் பின்னால் குழந்தை அழ ஆரம்பித்தது. பழைய அழுகை, மூச்சை இழுத்து இழுத்து அழுகிற அழுகை. எல்லோரும் சாந்தாமணியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து தெருவைக் கடந்துபோய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. அவள் தன் சேலை முந்தானையைக் குடத்தில் முக்கி எடுத்துக் குழந்தையின் உடம்பை ஒற்றினாள், அவள் உள்ளங்கையில் ஊசி ஏறிய காயங்கள் எரிந்தன. பிறகு வாசலுக்கு வந்து தண்டபாணியைப் பார்த்து, "அந்த மூங்கிலு சும்மாதானுங்களே இருக்குது?" என்றாள்.

மூங்கில்களை ரங்கநாயகியின் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தெருவிலுள்ள சேலைகளையெல்லாம் நனைத்து அவற்றில் தொங்கவிட்டார்கள். காய்ந்தால் நனைத்தார்கள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள், கபூர் பாய் வெட்டிவேர்த் தட்டி முடைந்து ஜன்னலில் கட்டினார், விசிறி கை மாறி மாறி வீசப்பட்டது. குழந்தை இரண்டு முறை கண் செருகி எல்லோரையும் கதறவைத்தது, இரண்டு முறையும் திரும்பி வந்தது. கத்திரி முழுவதும் தெரு அப்படித்தான் பயந்து பயந்து நடந்தது.

சென்னியப்பன் போர்வையைவிட்டு வெளியே வந்த நாளில் அவனைப் பார்க்க யாரும் வரவில்லை, எல்லோரும் எதிர்வீட்டில் வேலையாக இருந்தார்கள். அவன் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருவைக் கடந்தான். ஈரச் சேலைகளுக்கு நடுவே நுழைந்து, வீசிக்கொண்டிருந்த தண்டபாணியிடமிருந்து விசிறியை வாங்கி, தொட்டிலருகே உட்கார்ந்து வீசத் தொடங்கினான். தண்டபாணி அவனுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தலையணையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். குழந்தை முனகிப் புரண்டு, பிறகு அடங்கியது.

"அண்ணங், கை வலிக்கும், குடுங்க நான் வீசறேன்" என்றாள் ரங்கநாயகி.

"இருக்கட்டும் கண்ணு. தூங்கறானல்ல."

சாந்தாமணி குடத்தோடு உள்ளே வந்தபோது அவன் முதுகைத்தான் முதலில் பார்த்தாள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, பிடரியிலிருந்து வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது, அவன் துடைத்துக்கொள்ளக்கூட நிறுத்தாமல் வீசிக்கொண்டிருந்தான். அவள் குடத்தை இறக்கி வைத்தாள். சுவரோரம் கிடந்த இன்னொரு விசிறியை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவனுக்கு வீச ஆரம்பித்தாள்.